ஆற்று வண்டலும் வயல் மண்ணும்

நவஹோ நாட்டுக் குடியானவர்களின் மண் பரீட்சையிலிருந்து ஒரு பாடம்

நம் வாசகர்களிற் பலர் தங்கள் நிலத்து மண்ணை ஒரு தடவையாவது பரீட்சைக்கு அனுப்பியிருப்பார்கள். அப்பரீட்சை பெரும்பாலும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து ஆகியவை மண்ணில் எவ்வளவு உள்ளன என்று அறிந்து உரமிடுவதற்காகச் செய்யப்படுவது. இருக்க வேண்டியது குறைந்திருக்கிறதா என்று தேடுவதே அதன் நோக்கம். இங்கே சொல்லப் போவது வேறு விதமான பரீட்சை. சுரங்கத்திலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ இருக்கத் தகாத பொருள் நிலத்தில் வந்து சேர்ந்திருக்கிறதா என்று தேடுவது அது. முந்தியதிற் பிழை நேர்ந்தால் ஒரு போகத்து உரச்செலவு வீணாகும். பிந்தியதிற் பிழை நேர்ந்தால் கெட்ட நிலத்தை நல்லதென்று எண்ணி அதன் விளைவைக் குழந்தைகளுக்கு ஊட்டவும் நேரும். நல்ல நிலத்தைக் கெட்டதென்று எண்ணித் தரிசாகப் போடவும் நேரும். இவ்விரண்டாவது நஷ்டமும் சிறியதன்று.

இதற்கு உதாரணமாக அமெரிக்காவின் பூர்வ குடிகளில் ஒரு சாராராகிய நவஹோ மக்களின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அரிஸோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும் பரந்து கிடக்கும் அவர்கள் நாடு ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் உடையது. தங்களைத் தினே என்று அவர்கள் சொல்லிக்கொள்ளுவார்கள். 1864-ஆம் வருஷத்தில் சேனையால் ஊர்விட்டு ஓட்டப்பட்டு, 1868-ஆம் வருஷத்து உடன்படிக்கையின் பேரில் தங்கள் மண்ணுக்குத் திரும்பியவர்கள் இவர்கள். சாப்டர் என்னும் 110 ஊர்ச்சபைகள் அங்கே உண்டு; மேய்ச்சல், வாய்க்கால், விதை முதலிய ஊர்க் காரியங்களெல்லாம் அச்சபை வீடுகளிற் பேசி முடிவாகின்றன.

மழை மிகக் குறைந்த அந்நாட்டின் வடபாகத்தில் சான் யுவான் ஆறு ஓடுகிறது. அதிலிருந்து பிரூட்லண்டு, ஹாக்பாக் என்னும் வாய்க்கால்கள் பிரிந்து ஷிப்ராக் முதலிய ஊர்களின் வயல்களுக்குப் பாய்கின்றன. மக்காச்சோளம், முலாம்பழம், பூசணி, குதிரைமசால் ஆகியவை அங்கே முக்கியமான பயிர்கள். மக்காச்சோளம் அவர்களுக்கு உணவு மாத்திரம் அன்று. அதன் பூந்தாதைச் சேகரித்து வைத்துக் காலைப் பிரார்த்தனையில் நாவிலும் உச்சியிலும் இடுவது அவர்கள் வழக்கம். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மண் பரீட்சைக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் பின்னால் விளங்கும்.

ஆற்றில் வந்த மஞ்சள் நீர்

2015-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, கொலராடோ மாகாணத்தில் சில்வர்டன் ஊருக்கருகே உள்ள கோல்டு கிங் என்னும் பழைய பொற்சுரங்கத்தின் வாயை, மத்திய அரசாங்கத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவின் ஒப்பந்தக்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தேங்கி நின்ற நீர் உடைத்துக்கொண்டு வெளிப்பட்டது. 30 லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் லிட்டர் நீர், சிமெண்ட் கிரீக் என்னும் ஓடை வழியாக அனிமாஸ் ஆற்றிற் பாய்ந்தது. அனிமாஸ் பார்மிங்டன் நகரத்தருகே சான் யுவானோடு கூடுகிறது. சில நாட்களுக்குள் மஞ்சள் நீர் நவஹோ நாட்டை எட்டியது. அது வந்து சேருமுன் தலை மதகுகள் அடைக்கப்பட்டன. ஆகஸ்டு மாதம் அங்கே மக்காச்சோளமும் முலாம்பழமும் தண்ணீரை மிகுதியாக வேண்டி நிற்கும் காலம் என்பதைக் குடியானவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய சுரங்கத்தில் நீர் ஏன் விஷமாகிறது என்பதைச் சற்று விளக்குவோம். பொன், வெள்ளி, ஈயம் கிடைக்கும் பாறைகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறக் கனிஜம் ஒன்று கூட இருக்கும். மலையைக் குடையாத வரையில் காற்றுப்படாமல் அது சும்மா கிடக்கும். குடைந்த பின் காற்றும் நீரும் பட்டுக் கந்தகத் திராவகமாக மாறும். அத்திராவகம் பாறையிலுள்ள ஈயம், செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் என்னும் பாஷாணச் சத்து ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு வெளிவரும். சுரங்க வேலை நின்று நூறு வருஷம் ஆனாலும் இது நில்லாது. அனிமாஸ் ஆற்றின் தலைப்பிரதேசத்தில் 48 பழஞ்சுரங்கங்களிலிருந்து சராசரி நாளொன்றுக்கு 54 லட்சம் காலன் புளித்த நீர் ஒழுகி வந்தது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே 2015-இல் ஒரே நாளில் உடைத்து வந்தது பார்வைக்குப் பயங்கரமாயிருந்ததேயன்றி, அந்த ஆறு அதற்கு முன் சுத்தமாயிருந்ததென்று சொல்ல இடமில்லை. இந்தச் சங்கதியே பின்னால் மண் பரீட்சையைச் சிக்கலாக்கியது.

இன்னொன்று. புளித்த நீர் ஆற்றின் கார நீரோடு கலந்தவுடன் கரைந்திருந்த இரும்பு திரிந்து மஞ்சள் நிறமான துகளாகிறது. ஈயமும் பாஷாணமும் அத்துகளில் ஒட்டிக்கொண்டு வண்டலாகப் படிகின்றன. கண்ணை அச்சுறுத்திய நிறம் இரும்பின் நிறமே, அஞ்சத்தக்கவற்றிற்கு நிறமில்லை. ஆற்று நீர் தெளிந்த பிறகு வெறுங்கண்ணால் அறியக்கூடியது எதுவும் இல்லை. அத்துடன், வண்டலாய்ப் படிந்தது அங்கேயே நிற்கவும் மாட்டாது. வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது அது மறுபடி கிளறப்பட்டுக் கீழே போகும். ஒரு மாதத்துப் பரீட்சையைக் கொண்டு வருஷம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லுவது இதனால்தான் பொருந்தாது.

யாருடைய கேள்வி?

ஆகஸ்டு மாதம் முடியுமுன்பே, ஆற்று நீர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதென்று மத்திய இலாகா அறிவித்தது. ஷிப்ராக் குடியானவர்கள் சபை கூடி, வாய்க்காலை ஒரு வருஷத்துக்கு மூடியே வைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தங்கள் பயிர் தங்கள் கண்ணெதிரே காய்வதை ஒப்புக்கொண்டு செய்த தீர்மானம் அது. வேறு சில ஊரார் அவ்வளவு காலம் பொறுக்கவில்லை, வாய்க்காலைத் திறந்துகொண்டார்கள். எவருடைய முடிவு சரியென்று தூரத்திலிருந்து நாம் சொல்லுவது எளிதன்று.

அவர்கள் நம்பாததற்குக் காரணங்கள் இருந்தன. நீரை உடைத்துவிட்ட இலாகாவே நீரைப் பரீட்சித்துச் சொல்லுகிறது என்பது ஒன்று. அதற்கு மேலும் பழைய கதை உண்டு. 1944 முதல் 1986 வரையில் நவஹோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து ஏறக்குறைய 3 கோடி டன் யுரேனியக் கனிஜம் எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட 500-க்கு மேற்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் அங்கே எஞ்சின. ஷிப்ராக்கிலேயே ஆற்றங்கரை மேட்டில் 1954 முதல் 1968 வரை ஒரு யுரேனிய ஆலை நடந்தது. 1979-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி சர்ச் ராக் என்னுமிடத்தில் ஆலைக் கழிவு தேக்கிய அணை உடைந்து, 9 கோடிக்கு மேற்பட்ட காலன் கழிவு நீர் புவெர்கோ ஆற்றிற் சென்றது. சுரங்கக் கல்லின் தன்மையை அறியாமல் அதைக் கொண்டு வீடு கட்டிக் குடியிருந்தவர்களும் உண்டு. இத்தனைக்கும் பிறகு "அபாயமில்லை" என்னும் ஒரு வரி அறிக்கையை எவர்தாம் அப்படியே ஏற்பர்?

ஆனால் நம்பிக்கையின்மையைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்று இருந்தது. அதுவே நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. மண்ணிலோ நீரிலோ இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லுகிற அளவு தானாக உண்டானதன்று. "ஒருவன் இம்மண்ணோடு இன்ன விதமாய் இத்தனை நாள் பழகுவான்" என்று முதலில் அனுமானித்துக்கொண்டு, அதன்மேற் கணக்குப் போட்டு எடுப்பது. இலாகா அன்று தன் கணக்குக்கு வைத்துக்கொண்ட அனுமானம், ஆற்றங்கரைக்கு உல்லாசமாக வந்து போகும் ஒருவனைப் பற்றியது. குடியானவன் அப்படிப்பட்டவனா? அவன் காலெல்லாம் சேறு. அவன் ஆடு அந்நீரைக் குடிக்கிறது. அவன் மனைவி கரைச் செடியைப் பறித்து மருந்தாக்குகிறாள்.

அரிஸோனா சர்வகலாசாலையில் நீரியல் ஆராய்ச்சி செய்பவரும் தாமே தினே குலத்தவருமாகிய காரலெட்டா சீப் என்னும் அம்மையாரும் அவருடன் கூடிய ஆராய்ச்சியாளரும் இதைத் திருத்த முற்பட்டார்கள். அப்பர் பிரூட்லண்டு, ஷிப்ராக், அனெத் ஆகிய மூன்று சாப்டர்களிலும் மண்வெட்டியைக் கையில் எடுக்குமுன் மக்களைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். ஆற்றோடு உங்களுக்கு என்னென்ன சம்பந்தம் என்று கேட்டதில் 43 வகைச் சம்பந்தங்கள் வெளிவந்தன. பாய்ச்சலும் மந்தைக்கு நீர் காட்டுதலும் போக, சடங்கு, மருந்து, கைத்தொழில், உணவு என்று அவை பலவாறாக விரிந்தன. மேலே சொன்ன பூந்தாதுக் காரியம் இங்கேதான் வருகிறது. தானியத்துக்கு அளவு சொல்லும் பொதுவான அட்டவணைகளில், நாவில் இடும் பூந்தாதுக்கு இடமில்லை. அதன்மேற் படியும் புழுதியைப் பற்றி அவ்வட்டவணை செய்தவர்கள் நினைத்திருக்கவும் மாட்டார்கள்.

ஆதலால் நம் ஊரிற் பரீட்சைக்கு ஏற்பாடு செய்யும் அதிகாரிகள் முதலில் ஒரு காகிதத்தில் இந்த மண்ணோடு ஊரார்க்குள்ள பழக்கங்களை எழுதிக்கொள்ள வேண்டும். யார் யார் எங்கே எதை உண்கிறார்கள், எந்த இடத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், எந்தப் புறம்போக்கில் ஆடு மேய்கிறது, எந்த வண்டலை எடுத்துச் சுவர் பூசுகிறார்கள் என்பவையெல்லாம் அதில் வரவேண்டும். பெண்களைக் கேளாமல் எழுதிய பட்டியல் பாதிப் பட்டியலே. அதன் பிறகே எங்கே தோண்டுவது என்னும் பேச்சு.

மாதிரி மண் எடுத்தல்

உரத்துக்கான பரீட்சையில் நாம் செய்வது யாதெனில், வயலிற் கோணல்மாணலாக நடந்து 10 அல்லது 15 இடங்களில் ஆறங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மிஞ்சியதை அனுப்புவது. அந்த நோக்கத்துக்கு அது மிகச் சரி. கழிவுப் பொருளைத் தேடும்போது இதே முறை நம்மை ஏமாற்றிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து இடத்து மண்ணைக் கலக்கிறோம். ஒன்பது இடங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கு. ஓரிடத்தில் மாத்திரம் 1,000 பங்கு. கலந்த மண்ணில் 118 பங்கு என்று பரீட்சை சொல்லும். அவ்வளவு ஒன்றுமில்லை என்று நாமும் இருந்துவிடுவோம். அந்த ஓரிடம் வீட்டு முற்றத்துக் கீரைப் பாத்தியாயிருந்தால் என்னாவது? ஆகவே சந்தேகமான இடத்து மண்ணைத் தனியாகவே கட்ட வேண்டும். பெரிய வயலைச் சிறு சிறு பாகமாகப் பிரித்துப் பாகத்துக்கு ஒரு கலப்பு மாதிரி எடுப்பது தகும்.

ஆழமும் அப்படியே. ஆற்று நீர் பாய்ச்சியதால் கால் அங்குல வண்டல் புதிதாய்ப் படிந்ததென்றும், அதில் ஈயம் 240 பங்கு உள்ளதென்றும் வைத்துக்கொள்வோம். ஆறங்குல மண்ணோடு சேர்த்து எடுத்தால் அது இருபத்துநாலில் ஒரு பாகமாகிவிடும்; மண்ணின் அளவை ஏறக்குறைய 10 பங்கே உயர்த்தும். அவ்வளவு வித்தியாசம் மண்ணுக்கு மண் இயற்கையிலேயே உண்டாதலால், வண்டல் வந்ததே தெரியாமற் போம். மேலிருக்கும் ஓரங்குலத்தை முதலிற் சுரண்டித் தனிப் பையிற் கட்டுக. பிறகு ஆறங்குலம் வரையில் ஒன்று. பிறகு ஒன்றரை அடி ஆழத்தில் ஒன்று. மேல் மண்ணிற் கூடுதலாகவும் அடி மண்ணிற் குறைவாகவும் இருந்தால், மேலிருந்து வந்து சேர்ந்ததென்று பெரும்பாலும் நினைக்கலாம். இரண்டிலும் ஒன்றாயிருந்தால் அது அந்நிலத்தின் பிறவிக் குணமாயிருக்கக் கூடும். ஆழ உழுத நிலத்தில் இவ்வடையாளம் கலைந்து போயிருக்கும் ஆகையால், எப்போது எவ்வளவு ஆழம் உழுதது என்பதையும் எழுதி அனுப்புவது அவசியம்.

வாய்க்காற் பாசன வயலில் மடைவாயருகே வண்டல் கனமாகவும் கடைக்கோடியில் மெல்லியதாகவும் படியும். இரண்டையும் ஒன்றாகக் கலப்பது பிசகு. வாய்க்காலின் அடிச் சேறு மூன்றாவது வகை. தூர் வாரிக் கரைமேற் போட்ட பழைய சேறு நான்காவது. இந்நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல வருஷத்து வண்டல் அங்கே குவிந்திருப்பதோடு, காய்ந்து புழுதியாகிக் காற்றிற் பறப்பதும் அதுவே.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் மண்ணைக் கலந்துவிட்டு அதில் துத்தநாகம் மிகுதி என்று வருந்துவதிற் பயனில்லை. சாயம் அடித்த கருவியும், பித்தளைத் தட்டும் ஆகா. துருவேறாத எஃகுக் கரண்டியும் சுத்தமான பிளாஸ்டிக் வாளியும் போதும். ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையே கருவியைக் கழுவித் துடைக்க வேண்டும். சுத்தமாயிருக்கும் என்று நினைக்கிற இடத்தில் முதலிலும், அழுக்கான இடத்திற் கடைசியிலும் எடுப்பது நலம். மண்ணெண்ணெய், சாய எண்ணெய், பூச்சி மருந்து இவற்றைத் தேடுவதாயிருந்தால் பிளாஸ்டிக் உதவாது. மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டுப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். இதைப் பரிசோதனைச் சாலையாரை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்க.

ஒப்பிடுவதற்கான மண்

எதோடு ஒப்பிட்டு அதிகம் என்று சொல்லுவது? இங்கேதான் வழக்குகள் தோற்கின்றன.

நவஹோ நாட்டின் அப்பகுதியில் மான்கோஸ் என்னும் பழைய கடற்சேற்றுப் பாறை பரவிக் கிடக்கிறது. அதில் யுரேனியமும் செலினியமும் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. ஆகவே ஷிப்ராக் மண்ணில் யுரேனியம் காணப்பட்டால் அது பாறையினதா, ஆலையினதா என்று கேள்வி எழும். பாஷாணச் சத்தும் இவ்விதமே. சாதாரண மண்ணிலேயே அது பத்து லட்சத்திற் சில பங்கு இருப்பது சகஜம். ஆனால் ஆயுட்காலக் கணக்கின்படி சுகாதார நிபுணர் வகுத்த எச்சரிக்கை அளவோ ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவை மாத்திரம் பார்த்தால் உலகத்து மண்ணெல்லாம் கெட்டதென்றே சொல்ல நேரும். இயற்கை அளவை அறியாதவன் கையில் அந்த எண் ஒரு வீண் பயமுறுத்தலாகும். கெட்ட எண்ணம் உள்ளவன் கையில் "எல்லாம் இயற்கை" என்னும் சாக்காகும்.

ஒப்பிடும் மண் ஒரே பாறையிலிருந்து உண்டானதாயும், ஒரே விதமான களி மணல் உடையதாயும், கழிவு நீர் என்றும் ஏறாததாயும் இருக்க வேண்டும். சான் யுவான் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு வசதி இருந்தது. அனிமாஸ் கூடும் இடத்துக்கு மேலே நவஹோ அணையிலிருந்து நீர் பெறும் பெரிய பாசனத் திட்டம் ஒன்று உண்டு. கோல்டு கிங் நீர் அவ்வயல்களில் ஏறவில்லை. கூடலுக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று பார்ப்பது எந்த ஆற்றிலும் முதல் விதி. தோல் பதனிடும் சாலைக்கோ சாயப் பட்டறைக்கோ கீழே நிலமுள்ளவர்கள் அதற்கு மேலுள்ளவரின் மண்ணையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். மேல்நிலத்துக்காரர் "என் வயலுக்கு என்ன கேடு, நான் ஏன் தரவேண்டும்" என்பார். அவரை இணங்கச் செய்வது கிராம அதிகாரியின் வேலை.

களிமண்ணில் எல்லா உலோகங்களும் மணலில் இருப்பதைவிட மிகுதியாகவே ஒட்டியிருக்கும். ஆகவே மணற்பாங்கான வயலையும் களிப்பாங்கான வயலையும் நேராக ஒப்பிடுவது நியாயமன்று. ஆராய்ச்சியாளர் அலுமினியத்தையும் அளந்து, அதற்கு ஈயம் என்ன விகிதம் என்று பார்ப்பார்கள். களியோடு அலுமினியமும் கூடுமாதலால் விகிதம் மாறாது. வெளியிலிருந்து ஈயம் வந்தால் மாறும்.

எண்களைப் படித்தல்

சாலையிலிருந்து வரும் தாளில் ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம் என்றிருக்கும். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்பதும் அதுவே. கடுந்திராவகத்திற் கரைத்து மொத்தத்தையும் அளந்ததா, பயிர் உறிஞ்சக்கூடிய பாகத்தை மாத்திரம் அளந்ததா என்று கேட்க வேண்டும். இரண்டும் வெகு தூரம் வேறுபடும். கையிற் பிடித்து மண்ணின்மேல் வைத்தவுடன் எண் காட்டும் எக்ஸ்-கதிர்க் கருவிகள் இப்போது வழங்குகின்றன. நூறு இடங்களை ஒரே நாளிற் பார்க்க அவை மிக உபயோகமானவை. ஆனால் ஈர மண்ணில் அவை குறைத்துக் காட்டும். உலர்த்திச் சலித்துப் பார்ப்பதோடு, அவற்றிற் சில மாதிரிகளையாவது சாலைக்கும் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும்.

சாலையையும் நாம் பரீட்சிக்கலாம். ஒரே மண்ணை நன்கு கலந்து இரண்டு பைகளிற் கட்டி வெவ்வேறு எண்ணிட்டு அனுப்புக. இரு பதில்களும் கிட்டத்தட்ட ஒத்திருக்க வேண்டும். இது அவமதிப்பன்று, நல்ல சாலையார் இதை விரும்புவார்கள்.

எச்சரிக்கை அளவைத் தெய்வ வாக்காகக் கொள்ளலாகாது. அமெரிக்காவிற் குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு 1994-ஆம் வருஷத்தில் வகுத்த அளவு 400 பங்கு. 2024-ஆம் வருஷம் ஜனவரியில் அது 200 ஆகக் குறைக்கப்பட்டது. 300 பங்கு ஈயமுள்ள ஒரு முற்றம் டிசம்பரில் தேறி, ஜனவரியில் தவறிவிட்டது. அம்முற்றத்து மண் மாறவில்லை. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் செய்யும் கேட்டைப் பற்றிய அறிவு வளர்ந்தது. ஆகவே தாளில் "அளவுக்கு உட்பட்டது" என்னும் சொல்லை மாத்திரம் வாங்கிவைக்காமல் எண்ணை வாங்கி வைக்க வேண்டும்.

மண்ணில் இருப்பதெல்லாம் பயிரில் ஏறிவிடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த காரநிலத்தில் ஈயம் இறுகிக் கிடக்கும். மக்காச்சோள மணியை அது எட்டுவது மிகச் சொற்பம். ஈயம் வயிற்றுக்குள் போவது பெரும்பாலும் கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணாலும், குழந்தையின் விரலாலும், புழுதியாலுமே. கழுவுதலும் தோல் சீவுதலும் அதனால் உண்மையான பயன் தருவன. காட்மியம் அவ்விதமன்று, அது இலைக்குள் எளிதில் ஏறும், கழுவினால் போகாது. நிலம் புளிப்பேறினால் இன்னும் அதிகமாக ஏறும். நீர் கட்டிய நெல் வயலிற் பாஷாணச் சத்து இளகித் தானியத்திற் சேரும். ஆடு புல்லோடு மண்ணையும் சேர்த்தே தின்னும் ஆகையால், மேய்ச்சல் நிலத்தை மேல் ஓரங்குலத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

தாள் வந்த பிறகு

நவஹோ ஆராய்ச்சியில் நமக்குப் பிடித்த பாகம் ஒன்றுண்டு. மாதிரி எடுக்குமுன் அந்நாட்டு ஆராய்ச்சிக் கண்காணிப்புச் சபையின் அனுமதி பெறப்பட்டது. ஊரிலேயே உள்ள சுகாதார ஊழியர் பயிற்சி பெற்று வேலையிற் கலந்துகொண்டார்கள். முடிவுகள் சபை வீடுகளில் அவர்கள் பாஷையிலேயே சொல்லப்பட்டன. மண்ணைக் கொடுத்தவனுக்கு அதன் எண் திரும்பி வருவது நியாயமாகத் தோன்றினாலும், எவ்வளவு தடவை அது நடக்கிறது என்பதை வாசகர் தம் அநுபவத்தைக்கொண்டே சொல்லலாம்.

இதற்குள் சந்தை கெட்டுவிட்டது. ஷிப்ராக் மக்காச்சோளம் என்றால் அக்கம்பக்கத்து நவஹோக்களே தயங்கினார்கள்; பூந்தாது வாங்குவோரும் குறைந்தார்கள். ஈயம் தொடாத மணியையும் பேச்சு தொட்டுவிட்டது. இதற்கு மருந்து பரீட்சைத் தாளைச் சந்தையில் காட்டுவதே. ஆனால் எவருடைய தாள் என்று கேட்கிற இடத்தில், இரண்டாமவர் ஒருவர் எடுத்த தாளும் இருந்தாலன்றிச் செல்லாது. நஷ்டத்தைக் குறித்த வழக்கு வெகு காலம் நடந்து, 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் மத்திய அரசாங்கம் நவஹோ அரசாங்கத்துக்கு 3 கோடியே 10 லட்சம் டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. 2015-இல் காய்ந்த பயிருக்கும் அதற்கும் இடையே ஏழு வருஷம் சென்றது.

இவ்வகை வழக்குகளிற் குடியானவனை எதிர்க்கட்சியார் கேட்கும் முதற்கேள்வி, "இது முன்பே இருந்ததில்லை என்பதற்கு உன்னிடம் என்ன அத்தாட்சி?" என்பது. ஆற்றுக்கு நூறு வருஷத்துச் சுரங்க நீரின் சரித்திரம் இருக்கும்போது அக்கேள்விக்கு வாய்ப்பேச்சால் விடை சொல்ல முடியாது. விபத்துக்கு முன் எடுத்த மண் ஒன்றே விடை. தொழிற்சாலைக்கோ சுரங்கத்துக்கோ சமீபத்திலுள்ள ஒவ்வொரு கிராமமும், ஒரு கேடும் நேராத இக்காலத்திலேயே, மடைவாயிலும் நடு வயலிலும் கிணற்றடியிலும் மாதிரி எடுத்து வைப்பது நன்று. பரீட்சைக்குப் பணமில்லாவிட்டாலும் எடுத்து வைக்கலாம். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் உலர்ந்த மண்ணிலிருந்து எங்கும் போய்விடமாட்டா. பாதரசமும் எண்ணெய் வகைகளும் மாத்திரம் இவ்விதம் காத்திரா.

மண்ணை நிழலில் உலர்த்தி, கட்டிகளை மரக்கட்டையால் உடைத்துச் சலித்து, இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கைச் சாலைக்கு அனுப்பி, மறுபங்கைக் கண்ணாடி ஜாடியிலிட்டு மெழுகால் மூடவேண்டும். சர்வே எண், ஆழம், தேதி, எடுத்தவர், உடனிருந்த இருவர் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி ஜாடிக்கு வெளியே கட்டி, அதையே கிராமக் கணக்கிலும் பதிந்து, சாட்சிகளின் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஜாடிகளை ஈரமும் எலியும் அணுகாத பெட்டியில் வைக்க. சீட்டைப் பென்சிலால் எழுதுக. மை சில வருஷத்திற் கலைந்துவிடும்.